எல்.ஈ.டி. லைட்டுக்கும் மெயின் கரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி

"எல்.ஈ.டி.தானே, கொஞ்சக் கரண்ட்தானே இழுக்கும், பிடிச்சாலும் ஒன்றும் செய்யாது." திருகோணமலை உப்புவெளியில் விறாந்தைக்கு ஸ்ட்ரிப் ஒட்டுகிறவர்களும் இதைச் சொல்கிறார்கள், திருவிழாவுக்கு வீதி நீளம் ரோப் லைட் கட்டுகிற பொடியன்களும் சொல்கிறார்கள். பிழையான நினைப்பு இது. உயிரை எடுக்கக்கூடிய நினைப்பு. 9 வாட்ஸ் என்பது அந்தப் பல்ப் இழுக்கிற அளவு. அதே வயரை நாங்கள் தொட்டால் எங்கள் உடம்பு எவ்வளவு இழுக்கும் என்பதற்கும் அந்த 9க்கும் சம்பந்தமே இல்லை. வியர்த்த கையும் ஈரக் காலுமாக நிற்கிறவரின் உடம்புத் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ட்டை அதால் பிரித்துப் பாருங்கள்: 230 மில்லி அம்பியர். கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற வீட்டு ட்ரிப் சுவிச்சை 30 மில்லி அம்பியருக்குள் விழ வேண்டும் என்று வைத்திருப்பதே அதற்கு மேல் இதயத்துக்கு ஆபத்து என்பதால்தான்.

ஆகவே ஒரு எல்.ஈ.டி. லைட்டைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை வாட்ஸ், என்ன நிறம் என்பதல்ல. மெயின் கரண்டுக்கும் கை படக்கூடிய இடத்துக்கும் நடுவில் நேரடித் தொடர்பு இருக்கிறதா, இல்லையா? அந்தத் தொடர்பு இல்லாமல் இருப்பதைத்தான் இடைவெளி என்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

வெள்ளை எல்.ஈ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் போதும், சிவப்புக்கு 2 வோல்ட். வோல்ட்டைச் சற்றுக் கூட்டினாலே கரண்ட் பாய்ந்து ஏறும். ஏறினால் சூடாகும், சூடானால் அதற்குத் தேவையான வோல்ட் இறங்கும், அதனால் கரண்ட் இன்னும் ஏறும், கடைசியில் கருகும். எதிர்த்திசையிலோ 5 வோல்ட் அளவுக்கு மேல் தாங்காது. எங்கள் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதுவும் 230 என்பது மீட்டர் காட்டுகிற கணக்குத்தான். ஒவ்வொரு அலையின் உச்சியும் 325 வோல்ட்டைத் தொடுகிறது. 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று விதியே இடம் கொடுப்பதால் 244 வோல்ட் வந்தாலும் அது பழுது அல்ல. அப்போது உச்சி 345.

இந்த 345ஐ அந்த 3க்கு இறக்க வேண்டும். வெறும் ரெசிஸ்டரால் இறக்கலாம் என்றால், 20 மில்லி அம்பியர் ஓடும் ஒரே ஒரு எல்.ஈ.டி.க்காக நாலரை வாட்ஸ் வெப்பமாகப் போகும். லைட்டுக்குக் கிடைப்பது 0.06 வாட்ஸ். அதை விட்டுவிடுவோம்.

மலிவான இரவு விளக்கு, சாமிப் படத்து விளக்கு, கொசு அடிக்கிற பேட்டின் சார்ஜர் போன்றவற்றுக்குள் இருப்பது கெப்பாசிட்டர் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் படம் பார்த்து வீட்டில் செய்கிறவர்கள் அதிகம் கை வைப்பது இதில்தான். 0.33 மைக்ரோ பரட் கெப்பாசிட்டர் ஒன்று (மேலே 334 என்று அடித்திருக்கும்) 50 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 9,650 ஓம் தடைபோல நடக்கும். 230ஐ அதால் பிரித்தால் 24 மில்லி அம்பியர். கெப்பாசிட்டர் சூடாகாமலே கரண்டைக் கட்டிவிடுகிறது. அதன் பிறகு நாலு 1என்4007 டயோட் (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிறவை), ஒரு எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், எல்.ஈ.டி. வரிசை. இருபது எல்.ஈ.டி. வரிசையாக இருந்தால் வெளியே 60 வோல்ட் அளவு. கணக்கு அழகாகத்தான் வருகிறது.

இனி அந்த விளக்கைச் சுவரில் சொருகிய நிலையில் எல்.ஈ.டி. பக்கத்து வயரை ஒருவர் தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெப்பாசிட்டர் லைவ் (கரண்ட் வருகிற வயர்) பக்கம் இருந்தால், எல்.ஈ.டி. பக்கம் டயோட் வழியாக நியூட்ரலோடு (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) ஒட்டிக்கொண்டு இருக்கும். தொட்டவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலும் போகலாம். "பார்த்தீங்களா, அடிக்கல்ல" என்று சொல்வார். அடுத்த நாள் வீடு கூட்டும்போது யாரோ பிளக்கைக் கழற்றித் திருப்பிச் சொருகுகிறார்கள். இப்போது கெப்பாசிட்டர் நியூட்ரல் பக்கம். எல்.ஈ.டி. பக்கம் ஒரே ஒரு டயோட் இடையில் நிற்க, நேரே லைவோடு. கரண்டைக் கட்டுகிற கெப்பாசிட்டர் அந்தப் பாதையிலேயே இல்லை. நேற்று ஒன்றும் செய்யாத அதே வயர் இன்று முழு வேகத்தில் அடிக்கும்.

இரண்டு முள் பிளக் எந்தப் பக்கமும் போகும் என்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். பழைய வட்ட ஓட்டை 5 அம்பியர் சொக்கெட்டிலும் போகும். சதுர முள் 13 அம்பியர் சொக்கெட் பிழையாகச் சொருக முடியாதபடி செய்யப்பட்டது. ஆனால் ஏர்த் ஓட்டைக்குள் டெஸ்டரைக் குத்தி மூடியைத் திறந்து இரண்டு முள்ளைத் தள்ளுகிற பழக்கம் அந்தப் பாதுகாப்பையும் கெடுத்துவிடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சரியான அடப்டர் அதிக விலை இல்லை.

கெப்பாசிட்டர் முறையில் வேறு என்ன கெடும்? எக்ஸ்2 (மெயினில் வைக்கவென்றே செய்த வகை) என்று அடித்த, ஏ.சி. 275 அல்லது 310 வோல்ட் கெப்பாசிட்டர்தான் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சாதாரண 400 வோல்ட் டி.சி. கெப்பாசிட்டரை வைத்தால் ஒருநாள் அது ஷோர்ட் ஆகி 230 வோல்ட்டையும் எல்.ஈ.டி.க்குள் விடும், தீயும் பிடிக்கலாம். அதன் குறுக்கே 1 மெகா ஓம் அளவில் ரெசிஸ்டர் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிய பிறகும் முள்ளில் 325 வோல்ட் வரை நிற்கும். அந்த ரெசிஸ்டரையும் ஒன்றாக வைக்காமல் 470 கிலோ ஓம் இரண்டை வரிசையாக வைப்பது நல்லது, ஏனென்றால் கால் வாட்ஸ் ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்குத்தான் செய்யப்படுகிறது. முன்னால் 100 ஓம் பியூசிபிள் ரெசிஸ்டர் (கரண்ட் மீறினால் பியூஸ்போலத் தானே அறுவது) ஒன்று இல்லையென்றால் சொருகுகிற கணத்தில் பாய்கிற கரண்ட் டயோட்டை உடைக்கும். எல்.ஈ.டி. வரிசையில் ஒன்று அறுந்தால் கரண்டுக்குப் போக வழியில்லை. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் 325 வோல்ட்டை நோக்கி ஏறும். அது 100 வோல்ட் சாமான் என்றால் வெடிக்கும். இதெல்லாம் சரியாகச் செய்தாலும் இடைவெளி இல்லை என்ற அடிப்படைக் குறை அப்படியே இருக்கும். மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள், யாரும் திறக்காத இடத்தில் இருக்கும்வரை சரி. வீட்டில் செய்து படத்தட்டில் ஒட்டுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

கை படுகிற இடத்துக்குச் சரியானது ட்ரான்ஸ்போமர் உள்ள பவர் சப்ளை அல்லது ட்ரைவர். உள்ளே மெயின் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் காந்தத்தால் மட்டும் பேசிக்கொள்கின்றன, செம்பு தொடர்வதில்லை. கடையில் பார்க்க வேண்டியது: ஏர்த் இல்லாத வகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி, எந்த வகையிலும் வெளியீட்டில் எஸ்.ஈ.எல்.வி. (மெயினிலிருந்து பிரித்த, பாதுகாப்பான குறைந்த வோல்ட்) என்ற எழுத்து. குறியை யாரும் அச்சடிக்கலாம் என்பது உண்மைதான், அதனால் மல்டிமீட்டரால் ஒரு சோதனை செய்யுங்கள். பிளக்கைச் சுவரில் சொருகாமல், லைவ் முள்ளையும் நியூட்ரல் முள்ளையும் ஒரு வயர் துண்டால் சேர்த்துக் கட்டி, மீட்டரை டயோட் நிலையில் வைத்து, ஒரு முனையைச் சேர்த்த முள்ளிலும் மறு முனையை வெளியீட்டின் பிளஸ்ஸிலும் வையுங்கள். பிறகு மைனஸில். பிறகு முனைகளை மாற்றி மறுபடி. 0.5, 0.6 என்று எதாவது வந்தால் உள்ளே டயோட் வழியாகத் தொடர்பு இருக்கிறது, அது இடைவெளி இல்லாத சாமான். பிறகு 20 மெகா ஓம் நிலையிலும் அதே நாலு தடவை. எல்லாவற்றிலும் மீட்டர் அசையாமல் இருக்க வேண்டும். இந்தச் சோதனை தொடர்பு இல்லை என்பதைத்தான் காட்டும். இன்சுலேசன் மின்னல் வீச்சைத் தாங்குமா என்பதைக் காட்டாது.

அதற்கு உள்ளே பார்க்க வேண்டும். நல்ல பவர் சப்ளையின் போர்ட்டைத் திருப்பினால் ட்ரான்ஸ்போமருக்குக் கீழே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஒரு வெற்றுப் பாதை ஓடும், சிலவற்றில் அந்த இடத்தை வெட்டியே விட்டிருப்பார்கள். அந்தப் பாதையைத் தாண்டி நிற்க அனுமதி உள்ளவை மூன்றுதான்: ட்ரான்ஸ்போமர், நாலு கால் உள்ள சின்னக் கறுப்பு ஒப்டோகப்ளர் (வெளிச்சத்தால் மட்டும் செய்தி கடத்துவது), வை1 (இந்த இடைவெளிக்குக் குறுக்கே வைக்கவென்றே செய்த வகை) என்று அடித்த, பெரும்பாலும் நீல நிறத்து, வட்டக் கெப்பாசிட்டர். மலிவுச் சாமானில் அந்த வை1 இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண 1 கிலோவோல்ட் செராமிக் கெப்பாசிட்டரைப் போட்டிருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசம் சின்னது. அது ஷோர்ட் ஆகிற நாளில் 12 வோல்ட் ஸ்ட்ரிப் முழுக்க மெயின் கரண்ட் ஏறும்.

விறாந்தைக்கு 5 மீட்டர் ஸ்ட்ரிப்

ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், மீட்டருக்கு 60 எல்.ஈ.டி. உள்ள 5050 ஸ்ட்ரிப் (ஒவ்வொரு எல்.ஈ.டி.யும் 5 மில்லிமீட்டர் சதுரம்). மீட்டருக்கு 14.4 வாட்ஸ், 5 மீட்டருக்கு 72 வாட்ஸ், அதாவது 6 அம்பியர். பவர் சப்ளையை அதன் முழுக் கொள்ளளவில் ஓட்டக் கூடாது; 80 சதவீதத்துக்குள் வைத்தால் நல்லது. 72ஐ 0.8ஆல் பிரித்தால் 90. கடையில் கிடைக்கிற அடுத்த அளவு 100 வாட்ஸ், 8.3 அம்பியர். வைகாசி, ஆனி மாதக் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் எங்கள் ஊர்க் கூரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிற சூட்டில் 60 வாட்ஸ் பவர் சப்ளையை 60 வாட்ஸுக்கு ஓட்டினால் அதன் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் முதலில் போகும். ஒவ்வொரு 10 பாகை சூடு கூடும்போதும் அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

100 வாட்ஸ் என்றால் கிடைப்பது பெரும்பாலும் துளை போட்ட தகரக் கூட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளைதான். ஒரு பக்கத்தில் ஸ்குரூ வரிசை: லைவ், நியூட்ரல், ஏர்த், பிறகு மைனஸ், பிளஸ். அந்த ஏர்த் ஸ்குரூவைத்தான் அதிகம் பேர் வெறுமையாக விடுகிறார்கள், கையில் இருந்தது இரண்டு கோர் வயர் என்பதற்காக. அப்படி விட்டால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். உள்ளே லைவுக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர், நியூட்ரலுக்கும் கூட்டுக்கும் இடையில் இன்னொன்று. இரைச்சலை ஏர்த்துக்கு வடிக்க வைத்தவை. ஏர்த் இல்லாதபோது இரண்டும் மெயினைப் பாதியாகப் பிரிக்கும், கூடு 115 வோல்ட்டில் மிதக்கும். மைனஸ் வயரும் இன்னொரு கெப்பாசிட்டரால் கூட்டோடு சேர்ந்திருப்பதால் ஸ்ட்ரிப்பும் மிதக்கும். டெஸ்டர் எரியும், புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். 2.2 நானோ பரட் கெப்பாசிட்டர் ஒன்று விடக்கூடியது 0.16 மில்லி அம்பியர், அதனால் ஆளைக் கொல்லாது. ஆனால் ஏணியில் நிற்கிறவர் அந்தச் சுருக்கில் கையை உதறி விழுவார். இன்னும் மோசமானது, உள்ளே லைவ் வயர் கூட்டில் முட்டினால் பியூஸை எரிக்கவோ ட்ரிப்பை விழுத்தவோ வழியே இல்லை. கூடு 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும், முதலில் தொடுகிறவருக்காக. மூன்று கோர் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்: மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், மஞ்சளும் பச்சையும் ஏர்த். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். இரண்டு முறையும் சந்திக்கிற இடத்தில் நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

அந்தக் கூட்டின் பக்கத்தில் 110, 220 என்று ஒரு சிவப்புச் சுவிச் இருந்தால் கரண்ட் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். 110இல் இருந்தால் உள்ளே வோல்ட் இரட்டிப்பாக்கும் சுற்று வேலை செய்யும், 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெப்பாசிட்டர்களின் மேல் தலைக்கு 325 ஏறும். ஒரே வெடி.

வயர் முனையில் சோல்டர் வைத்து ஸ்குரூவுக்குள் இறுக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகரும், சில மாதத்தில் இணைப்புத் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். லக் (வயர் முனையில் நசுக்கிப் பூட்டுகிற உலோகத் துண்டு) போட்டு இறுக்குங்கள். பிளக்குக்குள் 13 அம்பியர் பியூஸுடன்தான் கடையில் தருவார்கள். இந்த வேலைக்கு 3 அம்பியர் பியூஸ் போதும், 0.75 வயரைக் காப்பாற்றுவதும் அதுதான். சுவரிலிருந்து நேரே லைட் சுற்றில் எடுப்பதாக இருந்தால் உரிமம் உள்ள மின்வேலையாளரைக் கூப்பிடுங்கள், சுவிச் லைவ் வயரில் வருகிறதா என்று நின்று பாருங்கள். ஹோட்டல் ஒன்றுக்கு இப்படிப் பத்துப் பவர் சப்ளையை ஒரே சுவிச்சில் போட்டால் போடுகிற கணத்தில் எம்.சி.பி. (கரண்ட் மீறினால் தானே விழுகிற சுவிச்) விழும். அது பழுது அல்ல. ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரை நிரப்ப ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்துக்குப் பத்து மடங்குகளில் இழுக்கும். பி வகை எம்.சி.பி.யை, கணநேர வீச்சைக் கூடுதலாகப் பொறுக்கிற சி வகைக்கு மாற்றுவது, அல்லது இரண்டாகப் பிரிப்பது சரி. அம்பியரைக் கூட்டுவது சரியல்ல.

12 வோல்ட் பக்கம் ஆளை அடிக்காது, ஆனால் வீட்டை எரிக்கும். 8 அம்பியர் ஒரு தளர்ந்த கிளிப்பில் போனால் அந்த இடம் கருகும். பிளஸ் வயரில் பவர் சப்ளைக்குப் பக்கத்திலேயே 7.5 அம்பியர் கார் பியூஸ் ஒன்று, ஹோல்டரோடு. வாகன உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும்.

வயரின் தடிப்பையும் கணக்குப் பாருங்கள். பவர் சப்ளை 5 மீட்டர் தள்ளி இருந்தால் கரண்ட் போய் வருவது 10 மீட்டர். 1/1.13 வயர், அதாவது 1 சதுர மில்லிமீட்டர், மீட்டருக்கு 0.018 ஓம் அளவு. 10 மீட்டருக்கு 0.18, அதில் 6 அம்பியர் போனால் 1.1 வோல்ட் வழியிலேயே தொலையும். 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர், போட்டால் 0.45 வோல்ட்தான். ஸ்ட்ரிப்புக்கு உள்ளேயும் இறங்கும் என்பதால் 5 மீட்டருக்கு மேல் ஒரே தொடராக இழுக்கக் கூடாது. தொலைவு முனை மங்கலாகத் தெரிந்தால் இரண்டு முனைகளிலிருந்தும் 12 வோல்ட் கொடுங்கள். அந்த மங்கலைச் சரிசெய்ய பவர் சப்ளையின் ஸ்குரூவைத் திருகி 13.5 வோல்ட்டுக்கு ஏற்றுகிறவர்கள் கிட்ட முனையை எரிக்கிறார்கள். நீளம் கூடினால் 24 வோல்ட் ஸ்ட்ரிப்புக்குப் போங்கள்; அதே வாட்ஸுக்குக் கரண்ட் பாதி. வெட்டும்போது குறியிட்ட இடத்தில் மட்டும். 12 வோல்ட்டில் மூன்று எல்.ஈ.டி.க்கு ஒரு வெட்டு.

உப்புக்காற்று

திருகோணமலையில் கடலுக்குத் தூரமான வீடு என்று அதிகம் இல்லை. நகரத்துக்கு இரண்டு பக்கமும் கடல், நிலாவெளிப் பக்கம் போனால் அலை வீட்டு வாசலில். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று உப்பையும் மழையையும் சேர்த்துச் சுவரில் அடிக்கும். இந்த ஈரத்தில் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பின் பிளஸ் தடம்தான் முதலில் பச்சை பிடித்து அறும், ஏனென்றால் டி.சி. கரண்ட் ஈரத்தின் வழி செம்பைப் பிளஸ் பக்கமிருந்து கரைக்கிறது. பகலில் அணைத்து வைக்கும்போது மெயின் பக்கத்திலேயே அணைத்தால் இந்த அரிப்புப் பாதியாவது குறையும்.

சிலிக்கோன் உறை போட்ட ஸ்ட்ரிப்பை வெட்டிய பிறகு முனையை மூடச் சாதாரண மீன்தொட்டிச் சிலிக்கோனைப் பூசுகிறார்கள். வினாகிரி மணம் வருகிற சிலிக்கோன் என்றால் அது அமிலம் விடுகிறது, செம்பைத் தின்றுவிடும். மணம் இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பவர் சப்ளை வெளியே இருக்க வேண்டுமென்றால் துளை போட்ட தகரக் கூடு வேண்டாம், ஐ.பி.67 என்று அடித்த, முழுக்க மூடிய வகை. அதற்குப் போகிற வயர் உள்ளே நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் வைத்து மேலே ஏறட்டும், மழைத்தண்ணீர் தொங்கலிலிருந்து சொட்டிப் போய்விடும்.

வளவுக்கும் தோணி இழுக்கிற கரைக்கும் போடுகிற 50 வாட்ஸ் ப்ளட் லைட்டில் இன்னொரு விஷயம். மலிவானவற்றில் தனி ட்ரைவரே இல்லை. அலுமினியத் தட்டின் மேலேயே 230 வோல்ட் சுற்று, நடுவில் முடி தடிப்பில் ஒரு இன்சுலேசன் படலம். உப்பு ஈரம் உள்ளே போனால் அந்தப் படலத்தைத் தாண்டிக் கரண்ட் கூட்டுக்கு வரும். மூன்று வயரோடு வருகிற லைட்டை இரண்டு கோர் வயரால் நீட்டி மஞ்சள்பச்சையை வெட்டி விடுகிறவர்கள், இரும்புத் தூணில் கட்டுகிறவர்கள், ஈர மணலில் நிற்கிறவர்கள் எல்லாம் ஒரே ஆட்களாக இருப்பதுதான் கவலை.

அணைத்த பல்ப் மங்கலாக எரிவது

இதைப் பலர் கேட்கிறார்கள். சுவிச்சில் சின்ன நியோன் விளக்கு இருந்தால் அதன் வழியே கசிகிற துளிக் கரண்ட் போதும், எல்.ஈ.டி. மினுங்கும். நீளமான வயர் பக்கத்து லைவ் வயரோடு சேர்ந்து ஓடினாலும் வரும். இவை ஆபத்தில்லை, பல்ப் ஹோல்டரின் குறுக்கே 0.1 மைக்ரோ பரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் வரிசையாக வைத்தால் நிற்கும். மூன்றாவது காரணம் ஆபத்து: சுவிச் நியூட்ரலில் இருக்கிறது. அணைத்த பிறகும் ஹோல்டரில் லைவ் நிற்கிறது, பல்ப் மாற்றக் கை வைக்கிறவருக்கு அது தெரியாது. முதலில் இதைச் சோதித்துவிட்டுத்தான் மற்ற இரண்டையும் நினைக்க வேண்டும்.

போன பல்பைத் திறந்து, கறுப்புப் புள்ளி விழுந்த எல்.ஈ.டி.யை ஷோர்ட் பண்ணி எரிய வைப்பது பரவலாக நடக்கிறது. எரியும். ஆனால் விட்டுப்போன வோல்ட்டை ட்ரைவர் ஐ.சி. சுமக்க வேண்டும், சூடாகும், சில வாரத்தில் அடுத்தது போகும். அதைவிட, மூடியைக் கழற்றி எரிய விட்டுப் பார்க்கிற அந்தத் தட்டு முழுக்க மெயின் கரண்ட். கட்டாயம் பார்க்கத்தான் வேண்டுமென்றால் முதலில் மூடியைப் போட்டு, பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்றை வரிசையில் வைத்து, அதற்குப் பிறகு கரண்ட் கொடுங்கள். ஷோர்ட் என்றால் குண்டு பல்ப் எரியும், வேறொன்றும் வெடிக்காது.

ரியூப் லைட்டுக்குப் பதிலாக எல்.ஈ.டி. ரியூப் போடும்போது சோக்கையும் ஸ்டாட்டரையும் எடுத்துவிட்டு லைவும் நியூட்ரலும் எந்த முனைக்குப் போக வேண்டும் என்று ரியூப்பில் ஒட்டிய படத்தைப் பாருங்கள். சிலவற்றில் இரண்டும் ஒரே முனையில், சிலவற்றில் இரண்டு முனையிலும். இரண்டு முனை வகையை ஒரு பக்கம் சொருகி மறுபக்கத்து முள்ளைக் கையில் பிடித்தால் கரண்ட் உங்களைத் தேடி வரலாம். மாற்றும்போது மெயின் சுவிச் கீழே.

திருவிழா வீதி

ரோப் லைட், 230 வோல்ட் ஸ்ட்ரிப் எல்லாம் 50 மீட்டர், 100 மீட்டர் சுருளாக வருகின்றன. பிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் நாலு டயோட் மட்டும். ட்ரான்ஸ்போமர் இல்லை. பிளாஸ்டிக் உறைதான் மக்களுக்கும் மெயினுக்கும் இடையில் உள்ள ஒரே தடுப்பு. அதனால் கடைசி முனையில் மூடி பசையோடு இறுக்கி இருக்க வேண்டும். உறையில் வெட்டு, ஆணி குத்து, எலி கடி இருந்தால் அந்தத் துண்டைக் குறியிட்ட இடத்தில் வெட்டி எறிய வேண்டும், டேப் சுற்றி விடக் கூடாது. இரும்பு வேலியில், தேர் வடம் போகிற உயரத்தில், சின்னப்பிள்ளை கை எட்டுகிற இடத்தில் கட்டக் கூடாது. ஆள் எட்டாத உயரத்தில் மரத்திலோ மூங்கிலிலோ நைலோன் கட்டால். கம்பியால் கட்டினால் காற்று ஆட்டி ஆட்டி உறையை அறுக்கும். சோதிக்கும்போது சுருளைப் பிரித்து விட்டுத்தான் எரிய விடுங்கள், சுற்றிய நிலையில் நடுச்சுற்று உருகும்.

கரண்ட் எடுப்பது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் உள்ள இடத்திலிருந்து மட்டும். ஜெனரேட்டரில் போட்டால் கூடுதல் கவனம். சின்ன ஜெனரேட்டர்களின் நியூட்ரல் பெரும்பாலும் எதனோடும் சேராமல் மிதக்கும். லைவ் வயர் ஈரத்தரையில் கசிந்தாலும் திரும்பிப் போக வழியில்லாததால் ட்ரிப் விழாது. இரண்டாவது இடத்தில் கசிவு வரும்போதுதான் ஆள் அகப்படுவார். ஜெனரேட்டரின் நியூட்ரலை ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால் கூட்டோடும் நிலத்தில் அடித்த ஏர்த் கம்பியோடும் சேர்க்க வேண்டும், அதை அந்த வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும். ட்ரிப்பில் உள்ள டி (டெஸ்ட்) பட்டனை அழுத்தி விழுகிறது என்று காட்டினால் அது போதாது. அந்தப் பட்டன் உள்ளேயே லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டுச் சோதிக்கிறது; ஏர்த் கம்பி நிலத்தில் இல்லாவிட்டாலும் விழும். ஏர்த் கம்பியையும் அதிலிருந்து ஜெனரேட்டருக்கு வருகிற மஞ்சள்பச்சை வயரையும் கண்ணால் பார்த்து, இணைப்பைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தை இயக்கச் சொல்லுங்கள்.